கொடுமணல் கிட்டமும் மூசையும்

அன்புள்ள சண்முகம்,

கடிதமும் படமும் வந்தன. கொடுமணல் காட்டில் நீ எடுத்தது விண்கல் இல்லை, இரும்புக் கிட்டம். தாது உருகும்போது அதிலிருந்த மண்ணும் மணலும் பிரிந்து வழிந்து உறைந்தது. காந்தம் ஒட்டுவது, உள்ளே சிக்கிக்கொண்ட இரும்புத் துணுக்கால். பக்கத்தில் ஓட்டுச் சில்லு ஏதும் கிடந்ததா? வெளிப்பக்கம் சாம்பல் உருகிப் பளபளத்து, உடைந்த விளிம்பு கறுத்துப் பொடித்துளைகளோடு இருந்தால் அது சோற்றுப்பானை ஓடல்ல, உருக்கு, அதாவது எஃகு காய்ச்சிய மூசை என்ற களிமண் குடுவை. களிமண்ணோடு பிசைந்த உமி விட்டுப்போன துளைகள் அவை.

1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வில் நொய்யல் ஆற்றின் வடகரையில், தாதிலிருந்து இரும்பு எடுக்கும் உலை கிடைத்தது. உருக்கு காய்ச்சும் உலை என்று அகழ்ந்தவர்கள் கொண்டது தனியாக, நடுவில் ஒரு பெரிய உலையும் சுற்றிலும் சிறிய உலைகளுமாக இருந்தது. பதிற்றுப்பத்து இந்த ஊரைக் கொடுமணம் என்று சொல்வது அணிகலனுக்காக. இந்த ஊர்க் கொல்லனை அதில் காணோம். எனக்கு அது குறைதான்.

உருக்கை எப்படிக் காய்ச்சினார்கள் என்று கேட்டிருந்தாய். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஹீத், சேலம் பக்கத்து முறையை 19-ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். கொடுமணலிலும் அப்படியே என்று சொல்லமாட்டேன், ஆனால் அடிப்படை இதுதான். மூசைக்கு அரை முதல் 2 பவுண்டு தேனிரும்பு, அதாவது கரிச்சத்து மிகக் குறைந்த மெல்லிரும்பு. அதில் பத்தில் ஒரு பங்கு எடைக்கு உலர்ந்த ஆவாரங்கட்டை. மேலே ஓரிரு எருக்கிலை. பிறகு வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இப்படி 20 முதல் 24 மூசைகளை உலையில் அடுக்கிக் கரியை மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். சிலர் இலையில் ஏதோ ரகசியம் இருப்பதாக எழுதுகிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை, இரும்பை உருக்காக்கும் கரிச்சத்து கட்டையிலேயே போதுமானது இருக்கிறது. கைவேலை முழுக்க அந்த அடைப்பில்தான். மூசை விரிசல் விட்டால் காற்று புகுந்து கரி எரிந்துபோகும், இரும்பு உருக்காகாது. ஆறியபின் மூசையை உடைத்தால், நல்ல உருக்குக் கட்டியின் மேல்முகத்தில் நடுவிலிருந்து கதிர்போல் வரிகள் ஓடும். சரியாக உருகாதது தேனடைபோல் குழிகுழியாக, நடுவே இரும்பு முண்டுகளோடு நிற்கும்.

அந்தக் கட்டியை அடிப்பதிலும் பக்குவம் உண்டு. முதலில் கரி நெருப்பில் பல மணி நேரம் பதப்படுத்தி, பிறகு செஞ்சூட்டிலேயே தட்ட வேண்டும். வெளுக்கக் காய்ச்சி அடித்தால் பொடிந்துவிடும். ஐரோப்பியக் கொல்லர் பலர் கட்டியைக் கெடுத்தது இங்கேதான்.

எடுத்த துண்டை அதே இடத்தில் போட்டுவிடு. கிட்டம் கிடக்கும் இடத்தை வைத்துத்தான் உலை இருந்த இடத்தைப் பிடிக்கிறார்கள்.

அன்புடன்,
கதிர்வேல்