மேயும் ஒக்டோபரும்: வடக்கே போகும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்ராறியோவின் வடக்கு வீதிகளில் வாகனம் ஓட்டும் தமிழ் உறவுகளுக்கும், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்களின் பெயரில் சுற்றுலா ஒழுங்கு செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

மே மாதம் விக்டோரியா தின விடுமுறை வந்ததும் நாம் அல்கொன்குயின் பூங்காப் பக்கம் வெளிக்கிடுகிறோம். இலைகள் நிறம் மாறும்போது மறுபடி போகிறோம். நம்முடைய இந்த இரண்டு பயணக் காலங்களும், மான் இனத்திலேயே மிகப் பெரிய விலங்கான மூஸ்கள் ஓரிடத்தில் நில்லாமல் அலையும் காலங்களோடு அப்படியே பொருந்தி வருகின்றன. மூஸ் படம் போட்டு எச்சரிக்கும் வீதியோரத்து மஞ்சள் பலகை இதைச் சொல்லாது. ஜனவரியிலும் அதே படம், மேயிலும் அதே படம். மூஸின் வாழ்க்கையோ மாதத்துக்கு மாதம் வேறு. அதைத் தெரிந்துகொண்டு வீதியில் இறங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் மே. குளிர்காலம் முழுவதும் மூஸ் வெறும் சுள்ளியையும் ஊசியிலை மரக் கொழுந்தையும் கடித்தே உயிர் பிழைக்கிறது. அந்தத் தீனியில் உப்புச் சத்து மிகக் குறைவு. ஏரிகளில் நீர்த்தாவரங்கள் தழைக்க இன்னும் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் அதற்குக் கிடைக்கும் உப்பு, நம் வாகனங்கள் வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுக்க வீதியில் கொட்டிய உப்புத்தான். பனி உருகி அது வாய்க்கால்களில் சேறும் தண்ணீருமாகத் தேங்கி நிற்கிறது. பூங்காவை ஊடறுத்து 56 கிலோமீற்றர் ஓடும் 60ஆம் நெடுஞ்சாலையோரம் மே, யூன் மாதங்களில் மூஸைக் காண்பது எளிதாக இருப்பதற்கு இதுதான் காரணம். பழைய மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, விலா தெரிய மெலிந்து, முன்னங்கால்களை மடித்துக் குனிந்து அந்தச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தால் மனம் உருகும். ஆனால் அது தலை நிமிர்ந்தால் இரண்டே எட்டில் வீதியில் நிற்கும். கியூபெக்கின் லோரன்ரைட் வனவிலங்குக் காப்பகத்தில் இத்தகைய உப்புக் குட்டைகளை வடித்துக் கல்லிட்டு நிரப்பினார்கள். அதன்பின் மூஸ்கள் அங்கே வருவது குறைந்தது. எல்லா வீதிகளிலும் அப்படிச் செய்யும்வரை கவனம் நம் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும்.

அதே மே மாதத்தில்தான் தாய் மூஸ் கன்று ஈனுகிறது. ஓநாய்க்கும் கரடிக்கும் எட்டாத இடம் தேடி ஏரியை நீந்திக் கடந்து சிறு தீவுகளுக்கும் போகும். தீவில் கூடாரம் அடிக்கும் இளையவர்கள் இதை மனதில் வைத்திருங்கள். கன்று ஈனப்போகும் தாய், போன வருடத்துக் கன்றைத் தன்னோடு இருக்க விடாமல் துரத்திவிடும். ஒரு வருடம் முழுக்கத் தாயின் பின்னாலேயே நடந்த அந்தக் குட்டி திக்குத் தெரியாமல் அலைந்து, வீதி என்றால் என்னவென்று அறியாமலே வீதிக்கு வந்துவிடும். வசந்தத்தில் வீதியில் திகைத்து நிற்கும் சிறிய மூஸ் பல சமயம் இதுதான். அதன்மேல் கோபப்பட்டு ஹோர்ன் அடிப்பவர்களைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

யூலை, ஓகஸ்ட் ஓரளவு அமைதி. வெயில் மூஸுக்கு ஒத்துவராது. பகலில் நிழலிலும் தண்ணீரிலும் கிடக்கும். நீருக்கடியில் மூழ்கி நீர்த்தாவரங்களை வேரோடு பிடுங்கித் தின்னும்.

செப்டெம்பர் கடைசியில் எல்லாம் தலைகீழாகிவிடும். வசந்தத்தில் முளைத்து, சில மாதங்களுக்குள் அகன்று வளர்ந்த கொம்பின் தோல் உரிந்துவிட்டிருக்கும். ஆண் மூஸ் தீனியை ஏறக்குறைய மறந்து, பெண்ணைத் தேடியும் எதிரியைத் தேடியும் இரவு பகலாக நடக்கும். நிலத்தைக் குளம்பால் பறித்து அதில் சிறுநீர் கழித்துப் புரளும். மற்றக் காலத்தில் மனிதரைக் கண்டால் ஒதுங்கிப்போகும் விலங்கு, இந்த நாள்களில் ஒதுங்கும் என்று நம்ப முடியாது. ஒக்டோபர் நடுப்பகுதி வரை இந்த வேகம் இருக்கும். பூங்கா சிவந்து கிடக்கும் நாள்களும் இவைதான். கார்கள் வரிசை கட்டி நிற்பதும், குழந்தைகளை இறக்கிப் படம் எடுப்பதும் இந்த நாள்களில்தான்.

தயவுசெய்து அப்படி இறங்காதீர்கள். வளைவிலும் ஏற்றத்திலும் வீதியோரம் காரை நிறுத்தாதீர்கள். பின்னால் வருபவருக்கு மூஸும் தெரியாது, உங்கள் பிள்ளையும் தெரியாது. காதைப் பின்னுக்கு மடித்து, பிடரி மயிரைச் சிலிர்த்து, நாக்கால் உதட்டை நக்கினால் அது பாயப் போகிறது என்று அர்த்தம். உடனே காருக்குள் ஏறிவிடுங்கள். கன்றோடு நிற்கும் தாயென்றால் கிட்டவே போகாதீர்கள்.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளர்ந்த மூஸின் தோள் கிட்டத்தட்ட 2 மீற்றர் உயரம். உடல் கறுப்போ கரும்பழுப்போ. காரின் தாழ்ந்த வெளிச்சம் அதன் கால்களில்தான் விழும். மான்போலக் கண் மினுங்கும் என்று காத்திருந்தால் பல நேரம் கண் வெளிச்சத்துக்கு மேலேயே இருந்துவிடும். மோதினால் கார் கால்களைத் தட்டிவிட, 400, 500 கிலோ உடம்பு முன்கண்ணாடியோடு உள்ளே வந்து விழும். எதிரே வாகனம் இல்லாதபோது உயர்ந்த வெளிச்சத்தைப் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். ஒன்று வீதியைக் கடந்தால் அடுத்ததும் வரும் என்று காத்திருங்கள்.

11ஆம், 17ஆம் நெடுஞ்சாலைகளில் பாரவூர்தி ஓட்டும் தம்பி தங்கையரே, உங்களுக்குக் குளிர்காலமும் உண்டு. பனி நெஞ்சளவு ஏறினால் மூஸுக்கு ஒவ்வோர் அடியும் பெரும் பாடு. வழித்துச் சுத்தமாகக் கிடக்கும் வீதி அதற்குச் சுகம். இரு பக்கமும் பனிச்சுவர் நிற்பதால் விலகாமல் உங்களுக்கு முன்னாலேயே நேராக ஓடும். துரத்தாதீர்கள். தேவையற்ற ஒவ்வோர் ஓட்டமும் வசந்தம்வரை தாக்குப்பிடிக்க அது சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைக்கிறது. வேகத்தைத் தணித்துப் பின்தங்குங்கள். பனிச்சுவர் தாழ்ந்த இடம் வந்தால் அது தானே காட்டுக்குள் இறங்கிவிடும்.

சங்க நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஒக்டோபர் சுற்றுலா அறிவித்தலில் புறப்படும் நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள், திரும்பும் நேரத்தைப் போடுவதில்லை. அந்த நாள்களில் ஆறரை மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. கொத்துரொட்டியும் பாட்டும் முடிந்து இருட்டில் வெளிக்கிட்டால், மூஸ் நடமாடும் நேரத்தில் காட்டுவீதியில் இருப்பீர்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பூங்காவை விட்டுப் புறப்படுங்கள். இருட்டும் முன்பே பாரி நகரை எட்டிவிடலாம்.

அன்புடன்,
வடக்கு வீதிகளில் வாகனம் ஓட்டும் உங்களில் ஒருவன்