கட்டரின் பாதுகாப்பு கார்டைக் கட்டி வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நாகர்கோவிலில் 26 ஆண்டுகளாக மர ஆசாரி வேலை பார்க்கிறேன். போன மாதம் புதிதாக வேலைக்கு வந்த பையன், மரம் அறுக்கும் தன் பேட்டரி கட்டரில் (வட்ட ரம்பம்), பிளேடை மூடும் கீழ் கார்டை (பாதுகாப்பு மூடியை) கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டியிருந்தான். "அப்பதான் வேலை சீக்கிரம் ஓடும் அண்ணாச்சி" என்றான். பட்டனை விட்ட பிறகும் பிளேடு சற்று நேரம் சுற்றும். அப்போது மெஷினைத் தொடைப்பக்கம் இறக்கினால்?

கம்பியை வெட்டி எறிந்தேன். அப்போதும் கார்டு பாதியில் நின்றது. ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. மரத்தூளும் பிளைவுட் பசையும் உள்ளே இறுகியிருந்தன. பேட்டரியைக் கழற்றி, பழைய பல் பிரஷால் தேய்த்ததும் 'டக்'கென்று மூடிக்கொண்டது. பத்து நிமிட வேலை!

ஒயர் இல்லாததால் பலருக்கு இதன்மேல் பயமில்லை. பிளேடு மாற்றும்போதுகூட பேட்டரியைக் கழற்றுவதில்லை. பலகைக்குக் கீழே பிளேடின் ஒரு பல் நீட்டினால் போதும்; ஆனால் முழு பிளேடையும் இறக்கி அறுக்கிறார்கள்.

விற்கும் கடைக்காரர்கள் கார்டு தானாக மூடுவதை வாங்குபவர் கண்முன் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மர ஆசாரி, நாகர்கோவில்