இரண்டாம் பந்தி

திருச்சி
1.2.2026

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், காலையில் தவறாமல் நடக்கப் போகிறார். சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம் மாசியில். பத்திரிகை நான்தான் போட்டுக் கொடுத்தேன். நீ வருவாய் என்று சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய், சரி.

வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுகிறது, பதில் வரக் காணோம். அதனால்தான் கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்து டைப் அடித்து, பிரின்ட் எடுத்து இந்தப் பார்சலோடு வைக்கிறேன். முழுதாகப் படி. பாதியில் மடித்து வைக்காதே.

தீபாவளிக்கு வந்தபோது புதுக் கம்ப்யூட்டருக்கு ஒரு லிஸ்ட் காட்டினாயே, அதைப் பற்றித்தான். புது ரைசன் பிராசசர், அது உட்கார ஏஎம்5 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. கம்பெனியில் எல்லோரும் ஏஐ பக்கம் போகிறார்கள், நானும் வீட்டில் உட்கார்ந்து பழக வேண்டும் என்றாய். ஒன்றே முக்கால் லட்சம் கணக்கு வந்தது. அப்பா பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. வாங்கினாயா இல்லையா என்று தெரியவில்லை. வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இப்போது வாங்காதே. கடைக்கு ஒரு ராம் வேண்டுமென்று சென்னை ரிச்சி தெருவில் நாம் வழக்கமாக வாங்குகிறவரிடம் கேட்டேன். விலையைக் கேட்டுத் திரும்பவும் கேட்டேன், காது சரியில்லையோ என்று. நீ லிஸ்ட் போட்ட அந்த டிடிஆர்5 தீபாவளி விலையைப் போல மூன்று மடங்குக்கு வந்து நிற்கிறது. "அம்மா, இன்னைக்கு ரேட் இன்னைக்குத்தான், நாளைக்குக் கேட்காதீங்க" என்கிறார், தங்கம் விற்கிற மாதிரி.

காரணம் உனக்கே தெரிந்திருக்கும். உலகத்தில் மெமரி சிப் செய்கிறவர்களில் பெரியவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே பேர். ஏஐ சர்வர்களுக்குள் போகிற எச்பிஎம் மெமரியில்தான் லாபம் என்று மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்பதையே நிறுத்துகிறோம் என்று அறிவித்துவிட்டது. 1996இலிருந்து இருந்த பெயர். நம் கடை மெஷின்களைத் திறந்தால் பாதியில் அந்தப் பெயர்தான் இருக்கும். நீ ஏஐ படிக்க ராம் வாங்கப் போகிறாய், ஏஐயே அந்த ராமை எல்லாம் வாங்கிவிட்டது. வேடிக்கைதான், போ.

ஆனால் இந்த விலை இப்படியே நிற்கப் போவதில்லை. எனக்கு இது புதிதும் இல்லை. 1999 செப்டம்பரில் தைவானில் பூகம்பம் வந்தபோது ராம் விலை ஏறியது, இறங்கியது. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்ட்டிஸ்க் ஃபேக்டரிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த வருடக் கடைசியில் ஒரு 500 ஜிபி டிஸ்க்குக்குப் பட்ட பாடு எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். அதுவும் இறங்கியது, கொஞ்சம் மெதுவாக. 2021இல் கிராபிக்ஸ் கார்டை எல்லாம் கிரிப்டோக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நீ அப்போது தலைகீழாக நின்றாய். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு, கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் அதே கார்டுகள் செகண்ட் ஹேண்டில் குவிந்தன. ஏறும்போது வாங்கினவன்தான் நஷ்டப்பட்டான், பொறுத்தவன் பாதி விலைக்கு வாங்கினான்.

முதல் பந்திக்கு முண்டியடிக்காதே என்று உன் பாட்டி சொல்வார். இரண்டாம் பந்தியிலும் அதே சாம்பார்தான், அதே பாயசம்தான், இடிபடாமல் சாப்பிடலாம். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

1997இல் பாட்டியின் வளையலை வைத்து வாங்கிய மெஷின், பென்டியம் எம்எம்எக்ஸ், 32 எம்பி ராம். அதே வருடம் பென்டியம் டூ வந்துவிட்டது. கோர்ட் வாசலில் எதிர்க்கடைக்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிற வக்கீல் குமாஸ்தாக்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். நான் பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை போட்டேன், அஃபிடவிட் அடித்தேன். என் விரலின் வேகத்துக்கு அந்த மெஷின் போதும். எட்டு வருஷம் சோறு போட்டது. உன் பள்ளிக்கூட ஃபீஸ் அதில்தான் கட்டினேன். எதிர்க்கடை இப்போது டீக்கடை.

பதினொன்றாம் வகுப்பில் நீ எனக்குப் பாடம் நடத்தினாய், ஞாபகம் இருக்கிறதா? கோர்டன் மூர் என்ற ஒருவர் 1965இலேயே சொல்லிவிட்டார், சிப்புக்குள் இருக்கிற டிரான்சிஸ்டர் வருடத்துக்கு இரண்டு மடங்காகும் என்று, 1975இல் அதை இரண்டு வருடம் என்று திருத்தினார் என்று. பெருமையாக இருந்தது, என் பிள்ளை எனக்குச் சொல்லித் தருகிறானே என்று. அப்போதே நினைத்தேன், இப்படி இரட்டித்துக்கொண்டே போகிற ஒன்றை மாதச் சம்பளக்காரன் துரத்திப் பிடிக்க முடியுமா? அது போகட்டும், நமக்கு வேலை நடக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

2017இல் கடை மெஷின்கள் எல்லாம் திறக்கவே அரை மணி நேரம் எடுத்தபோது, புதிது வாங்க வேண்டாம் அம்மா, ஹார்ட்டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டால் போதும் என்று சொல்லி நீதானே மாட்டிக் கொடுத்தாய். அது இன்றைக்கும் ஓடுகிறது. அவ்வளவு புத்தி உள்ள பிள்ளை எப்படி ஒன்றே முக்கால் லட்சத்துக்கு லிஸ்ட் போட்டான் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14ஆம் தேதியோடு அப்டேட் நின்றது அல்லவா, ஒரு விற்பனைக்காரர் கடைக்கு வந்து மூன்று மெஷினையும் தூக்கிப் போடுங்கள் என்றார். 8ஆம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழே உள்ளது அநேகமாக எதுவும் விண்டோஸ் 11 பட்டியலில் கிடையாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்று பயம் காட்டினார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணைத்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதை அவர் சொல்லவில்லை. ஒன்றை அப்படி இணைத்தேன். இன்னொன்றில் விண்டோஸுக்குப் பதிலாக, நீ போனில் சொல்லிக் கொடுத்த இலவச லினக்ஸ் மின்ட். மூன்றாவது எக்ஸ்பி மெஷின், அதற்கு நெட்டே கிடையாது, பேஜ்மேக்கரும் பழைய ஃபான்ட்டுகளும் மட்டும். காசு ஒன்றும் செலவாகவில்லை.

உன்னிடம் இருப்பது என்ன, பி450 போர்டு, ரைசன் 2600. போர்டை மாற்றவே வேண்டாம். அந்த ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5000 வரிசையும் உட்காரும், போர்டுக்குள் இருக்கிற பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்தால் போதும். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே அப்டேட் போட்டுவிடு, அப்புறம் கழற்று. யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதே, பெங்களூரில் கரண்ட் போகாது என்று சொல்லாதே. ஏஎம்5க்குப் போனால் போர்டும் மாற வேண்டும், ராமும் டிடிஆர்5தான் வேண்டும், ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும். கார்டு கட்டாயம் வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்டில் 3060, 12 ஜிபி உள்ளது பார். பில் இருக்கிறதா, வாரன்டி மிச்சம் இருக்கிறதா பார். காசு கொடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் முழு லோடில் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தைக் கேள். உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் மட்டும் பழையது வாங்காதே, கேபினெட்டோடு சும்மா வருவதையும் நம்பாதே. அப்படி ஒன்று நம் கடையில் வெடித்து, போர்டையும் ஹார்ட்டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது உனக்குத் தெரியும்.

படிப்பதற்கு அதுகூட வேண்டாம் என்கிறாள் மாடி வீட்டுப் பொண்ணு. என்ஐடியில் எம்டெக் படிக்கிறாள். காகிள் என்ற தளத்தில் வாரத்துக்கு 30 மணி நேரம் போல ஜிபியு இலவசமாகத் தருகிறார்களாம், கூகுள் கோலாபிலும் 16 ஜிபி டி4 கார்டு கிடைக்குமாம். அவளிடம் இருப்பது ஒரு பழைய லேப்டாப், ஹின்ஜ் உடைந்து டேப் ஒட்டியிருக்கிறது. அதில்தான் எல்லாம் செய்கிறாள். உனக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் லிஸ்ட் போட்டாய் என்றால் சரி, ஆசைதான், ஆசைப்படுவது தப்பில்லை.

கடன் வாங்கி மட்டும் மெஷின் வாங்காதே. வளையல் வேறு. அது நம்முடையது, போனாலும் நம்முடையதுதான் போகும். இஎம்ஐ முடிவதற்குள் அந்தக் கார்டு பழசாகி, அடுத்த வரிசை வந்திருக்கும். பெரியப்பாவின் கலர் ஜெராக்ஸ் மெஷின் கதை உனக்குத் தெரியும். அதை நான் மறுபடி எழுதப் போவதில்லை. கடன் வேண்டாம், அவ்வளவுதான்.

போன வாரம் கடை நம்பருக்கு ஒரு போன் வந்தது. உன் பெயரைச் சொல்லி, நீங்கள் அவர் அம்மாவா என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். உங்கள் பையனைப் போன் எடுக்கச் சொல்லுங்கள் என்றாள். எதற்கு என்றால் சொல்லவில்லை. அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டால் போகவில்லை. ஆள் மாறி வந்த போனாக இருக்கும். அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

இது சும்மா சொல்கிறேன், உனக்காக இல்லை, உன் நண்பர்கள் யாருக்காவது பயன்படும். கடை வேலையாக ஒரு புகார் மனு டைப் அடித்தேன், லோன் ஆப் விஷயம். வக்கீல் சார் விளக்கிச் சொன்னார். காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே சொல்லிவிட்டதாம். வீட்டாரையும் தெரிந்தவர்களையும் தொந்தரவு செய்து மானத்தை வாங்கவும் கூடாது. கடன் ஆப் நம் போனில் இருக்கிற நம்பர்களை எடுக்கவும் கூடாதாம். மீறினால் புகார் கொடுக்கலாம். அந்த மனுவின் காப்பி என்னிடம் இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும். பயந்து போய் ஒரு ஆப் கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்றார் சார்.

இன்னொன்று. ஆபீஸுக்குள் போன் கொண்டு போக விடமாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். இப்போது பகல் பதினொரு மணிக்கும் ஆன்லைன் காட்டுகிறது, மூன்று மணிக்கும் காட்டுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் காட்டுகிறது. தூங்குகிறாயா? சாப்பாடு யார் போடுகிறார்கள்? ரூம்மேட் இருக்கிறானா, போய்விட்டானா? வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே வந்து கடையில் உட்கார்ந்துகூட அதே வேலையைப் பார்க்கலாமே, ஃபைபர் நெட் போட்டாயிற்று. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அப்பா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்சலில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு இருக்கிறது. 2020இல் வாங்கிய மெஷினின் போர்டு போய்விட்டதே, அதிலிருந்து கழற்றினது. இங்கே மாட்டிப் பார்த்துவிட்டேன், நன்றாக ஓடுகின்றன. அன்றைக்கு வாங்கிய விலைக்கு மேல் இரண்டு மடங்கு தருகிறேன் என்று ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை. உன் போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் பழையதோடு சேர்த்துப் போடு. ஒத்துப் போகாமல் ஹேங் ஆனால் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொள். கவரைப் பிரிக்கும் முன் கையை ஏதாவது இரும்பில் தொட்டுக்கொள். கூடவே பருப்புப் பொடி, மணத்தக்காளி வற்றல்.

சீட்டு இன்னும் எடுக்கவில்லை. வருகிற 10ஆம் தேதி ஏலம். ஆவணியில் ஒரு தடவை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டாய், அப்புறம் விட்டுவிட்டாய். தள்ளு கொஞ்சம் அதிகம் போனாலும் இந்த மாதம் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், எனக்கு இப்போதைக்கு ஒரு செலவும் இல்லை. உனக்கு வேண்டுமென்றால் எவ்வளவு என்று தொகையை மட்டும் மெசேஜில் போடு. எதற்கு என்று எழுத வேண்டாம். 9ஆம் தேதிக்குள் போடு.

பஸ் நாளை ராத்திரி கிளம்புகிறது, செவ்வாய்க்கிழமை விடிகாலை மடிவாலா வந்துவிடும். டிரைவர் நம்பரையும் பார்சல் ரசீதையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பத்து மணிக்குள் போய் வாங்கிக்கொள், தாமதமானால் குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
அம்மா