நீங்கள் அனுப்பிய காணொளியை நீங்களே எண்ணக் கூடாதா?

காணொளித் தளங்களில் பார்வைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் காணொளி போடுகிறவன். விளம்பரத் தடுப்பானும் வைத்திருக்கிறவன். இதைச் சேர்த்துச் சொன்னால் சக சேனல்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

2025 ஆகஸ்டில் யூடியூப் சேனல் நடத்தும் பலருக்குத் திடீரென வியூஸ் சரிந்தது நினைவிருக்கும். சரிந்தது கம்ப்யூட்டரில் பார்ப்பவர்களின் கணக்குதான். கைப்பேசியும் டிவியும் அப்படியே இருந்தன. லைக் குறையவில்லை. வருமானமும் பெரிதாக அசையவில்லை. தடுப்பான் வைத்திருப்பவரால் முன்பும் விளம்பரக் காசு வந்ததில்லையே, அப்புறம் எப்படிக் குறையும்? எந்தெந்தக் கோரிக்கைகளைத் தடுக்க வேண்டும் என்று பல தடுப்பான்களுக்குச் சொல்லும் ஈஸிபிரைவசி என்ற பட்டியலில் அப்போது சேர்ந்த விதிகளைத்தான் பலரும் காரணமாகக் காட்டினார்கள். தடுப்பான்களால் எண்ணிக்கையின் துல்லியம் பாதிக்கப்படலாம் என்று செப்டம்பரில் யூடியூபும் சொன்னது.

பிரவுசரில் எஃப்12 தட்டி, பக்கத்துக்கு வருவதையும் போவதையும் காட்டும் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காணொளியை ஓட விட்டுப் பாருங்கள். படமும் ஒலியும் துண்டு துண்டாக வந்து இறங்கும். நடுநடுவே சின்னக் கோரிக்கைகள் வெளியே போகும்: ஓடத் தொடங்கிவிட்டது, இத்தனையாவது நொடியில் இருக்கிறார், நிறுத்திவிட்டார். தடுப்பான் இருந்தால் இவற்றில் சில வரிகள் தடுக்கப்பட்டுச் சிவப்பாகக் கிடக்கும். படம் மட்டும் அது பாட்டுக்கு ஓடும், பார்த்த செய்தி உங்களுக்கு வந்து சேராது.

பட்டியல் எழுதும் தன்னார்வலர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 'ஒருவர் பார்த்தார்' என்ற செய்தியும், 'இன்னார், இந்தக் கருவியில், இதற்கு முன் இதைப் பார்த்தார்' என்ற செய்தியும் ஒரே குழாயில் போனால் அவர்கள் குழாயைத்தான் அடைப்பார்கள். ஒன்றாகக் கட்டியது நீங்கள்.

அதைப் பிரித்துவிடுங்கள். அடையாளம் எதுவும் ஏந்தாத, வெறும் எண்ணிக்கைக்கான கோரிக்கையைத் தனி முகவரிக்கு அனுப்புங்கள். அதில் என்ன போகிறது என்பதை வெளிப்படையாக எழுதி வையுங்கள். அப்போது அதைத் தடுக்காதீர்கள் என்று பட்டியல்காரர்களிடம் பேச முகம் இருக்கும். இன்னொன்று, காணொளித் துண்டுகளை அனுப்புவதே உங்கள் சர்வர்தான். அனுப்பியதெல்லாம் பார்த்ததாகாது, முன்கூட்டியே இறங்குவதும் உண்டு, போலிப் பார்வைகளும் உண்டு, சரி. ஆனால் ஒரு கணக்கு சரியும்போது மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கவாவது அது உதவாதா?

பார்வையாளரிடம் 'தடுப்பானை எடுத்துவிடுங்கள்' என்று கெஞ்சும் வேலையை மட்டும் எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

இதெல்லாம் நாளாகும், தெரியும். அதுவரை ஒரு சின்ன வேலை செய்யலாம். ஸ்பான்சர் பேச வருகிறவர் முதலில் கேட்பதே கடைசிச் சில வீடியோக்களின் சராசரி வியூஸ்தான். 'இந்தத் தேதியிலிருந்து கம்ப்யூட்டர் பார்வைகள் குறைவாகப் பதிவாகியிருக்கலாம்' என்று வரைபடத்துக்குக் கீழே ஒரு வரி போடுங்கள். நாங்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் அதுவும் சேர்ந்து போகும்.

இப்படிக்கு,
ஒரு சிறு சேனல்காரன்