மணல் ஒட்டிய ஓவியம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஐந்தாம் வகுப்பு வாசலில் புதிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறோம். கடற்கரையில் குடை பிடித்தபடி இரண்டு பெண்கள், நடுவில் ஒரு காலி நாற்காலி. பிரான்சின் துரூவில் கடற்கரையில் 1870 கோடையில் கிளாட் மொனே வரைந்தது. அசல் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. 38க்கு 46.5 செ.மீ.தான், பிள்ளைகளின் டிராயிங் நோட்டை விரித்து வைத்ததைவிடக் கொஞ்சம் பெரிது.

"கடலையே சரியாகக் காணோமே டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். உண்மைதான். மணலும் வானமும் அந்த இருவரும்தான் படத்தை நிறைத்திருக்கிறார்கள். வெள்ளை உடுப்பில் இருப்பவர் மொனேவின் மனைவி கமீல் என்கிறார்கள். அவர் முகத்தைக்கூட நாலைந்து தீற்றலில் முடித்துவிட்டார். காற்றும் வெளிச்சமும் மாறுவதற்குள் வரைந்த கை அது. அந்தப் படத்தின் வண்ணத்துக்குள் மணல் துகள்கள் ஒட்டிக் காய்ந்திருக்கின்றன. கரையிலேயே உட்கார்ந்து வரைந்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா! இதைச் சொன்னதும் வகுப்பே எழுந்து வந்து படத்தில் மணலைத் தேடியது. நம்மிடம் இருப்பது அச்சுப் பிரதி என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் பிள்ளைகளைக் கடற்கரை வரையச் சொன்னேன். முப்பத்திரண்டு தாளில் இருபதுக்கு மேல் ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், சாய்ந்த தென்னை, பாய்மரப் படகு. நம் ஊர்க் கரையில் மலை ஏது? தினமும் கடலைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இவர்கள். அவர்கள்மேல் குறையில்லை. அப்படித்தான் நாம் பழக்கியிருக்கிறோம், நானும் சேர்த்துத்தான்.

அதனால் வருகிற சனிக்கிழமை மாலை நான்கரை மணிக்கு ஐந்தாம் வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். வகுப்பாசிரியரும் நானும் உடன் இருப்போம். ஆறு மணிக்கு அங்கேயே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம். தாளும் கிரேயானும் பள்ளியே தரும். தாளுக்கு அடியில் வைக்க ஒரு அட்டை, காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு கிளிப், தண்ணீர் பாட்டில், இவை போதும். பழைய சட்டை போட்டு அனுப்புங்கள்.

ஒரு வேண்டுகோள். சீக்கிரம் வந்துவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் கிரேயானை வாங்கித் திருத்த வேண்டாம். கடலைப் பழுப்பாகத் தீட்டினால் தீட்டட்டும். அன்று அது பழுப்பாகவே இருக்கலாம், நீங்களும் ஒருமுறை பாருங்கள். தாளில் ஒட்டிய மணலையும் தட்டிவிடாதீர்கள். திங்கட்கிழமை அப்படியே மொனே படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறோம்.

இப்படிக்கு,
அன்புடன்,
தலைமையாசிரியர்