செவ்வாயும் வியாழனும் மைதானத்தைப் பிள்ளைகளுக்கு விடுங்கள்

திருகோணமலையில் உதைபந்தாட்டக் கழகங்களை நடத்துகிற அண்ணாமாருக்கும் ஐயாமாருக்கும்,

வணக்கம். அப்பாவின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு ஏகாம்பரம் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்க வந்த பிள்ளை நான். உங்களில் சிலர் அப்போது அந்த மைதானத்தில் ஆடியவர்கள், நீங்கள் கோல் அடித்தபோது கத்தியவர்களில் நானும் ஒருத்தி. அந்த உரிமையில்தான் எங்கள் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்காக எழுதுகிறேன், கோபிக்காமல் வாசியுங்கள்.

என் அக்காவின் மகளுக்குப் பதினைந்து வயது. ஸ்ட்ரைக்கர். பந்து அவள் காலுக்கு வருமுன்பே தலையைத் திருப்பி, பின்னால் நிற்கிற பிள்ளை எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று ஒருதரம் பார்த்துவிடுவாள், பந்து வந்ததும் மற்றப் பக்கத்தால் திரும்பிவிடுவாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டச் பே கடற்கரை மணலில் பெடியன்களோடு விளையாடித் தானாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் மூன்று வருடத்தில் அவள் ஆடிய உண்மையான போட்டிகளை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அதில் ஒரு போட்டியில் கோல் கீப்பர் மட்டும் எதிரே நிற்க மூன்று தரம் தவறவிட்டாள். மூன்று தரமும் ஒரே பிழை, கீப்பர் வெளியே ஓடி வந்ததும் அவசரப்பட்டு அடித்துவிட்டாள். அடுத்த கிழமை இன்னொரு போட்டி இருந்திருந்தால் அந்தப் பிழையைத் திருத்தியிருப்பாள். அடுத்த போட்டி நாலரை மாதம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் அந்தப் பயம் அவளோடு ஊறிப்போய்விட்டது.

ஆஸ்திரேலியப் பெண்கள் அணியின் புகழ்பெற்ற ஸ்ட்ரைக்கர் சாம் கெர் பன்னிரண்டு வயதில்தான் உதைபந்தாட்டத்துக்கு வந்தார், அதற்கு முன் ஆஸ்திரேலிய ஃபுட்போல் என்கிற வேறு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தவர். 2009இல், பதினைந்து வயதில், ஆஸ்திரேலியத் தேசிய அணிக்கு ஆடினார். மூன்று வருடம்தான். எங்கள் பிள்ளைக்கும் அதே மூன்று வருடம், அதே பதினைந்து வயது. அவர் பெரிய திறமைசாலி, நான் மறுக்கவில்லை, ஆனால் அந்த மூன்று வருடத்தில் அவருக்கு ஆட ஆட்டங்கள் இருந்தன. கோல் அடிக்கிற பழக்கம் கோல் அடித்துத்தான் வரும், பயிற்சிக் கூம்புகளைச் சுற்றி ஓடி வராது.

அது பணக்கார நாடு என்பீர்கள். சரி, பக்கத்திலேயே பாருங்கள். நேபாளத்து சபித்ரா பண்டாரி, சம்பா என்று கூப்பிடுகிறார்கள், லம்ஜுங் மலை மாவட்டத்துப் பிள்ளை. நேபாள ஆயுதப் பொலிஸ் அணியில் ஆடி, பிறகு கடல் தாண்டினால் வருகிற எங்கள் மதுரைக்கு, சேது எஃப்.சி. அணிக்கு, வந்து ஆடினார். 2019இல் சேது இந்திய மகளிர் லீக்கை வென்றது. அங்கிருந்து கோகுலம் கேரளா, இஸ்ரேல், 2024இல் பிரான்சின் முதற்பிரிவில் அப்போது ஆடிய கெங்கான். வங்காளதேசத்து சபினா காத்தூனும் சேதுவில் ஆடியவர்தான், 2022இல் காத்மண்டுவில் நேபாளத்தை 3-1 என்று தோற்கடித்துத் தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கிய அணிக்கு அவர்தான் தலைவி. தமிழ் பேசுகிற ஒரு ஊரின் அணியில் நேபாளத்துப் பிள்ளையும் வங்காளத்துப் பிள்ளையும் ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் ஏன் போகக்கூடாது என்று அக்காவின் மகள் என்னைக் கேட்டாள். என்ன பதில் சொல்வது?

இந்திய ஸ்ட்ரைக்கர், மணிப்பூரின் பாலா தேவியை நினைத்தால் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் கவலை. 2020இல் ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணி அவரை எடுத்தபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. அதற்கு முன்பு அவருடைய கால்களில் திறமை இல்லையா? இருந்தது, ஆனால் இந்தியாவில் பெண்களுக்குத் தேசிய லீக் தொடங்கியதே 2016-17 பருவத்தில்தான். முன்வரிசையில் ஆடுகிறவளுக்கு வேகமான வருடங்கள் கொஞ்சம்தான், அதில் பாதியைக் காத்திருந்தே கழித்தவர் அவர். எங்கள் ஊரில் அந்தக் காத்திருப்புக்கூட இல்லை. ஓ.எல். பரீட்சை வந்ததும் பூட்ஸ் பரணுக்குப் போய்விடும், பிறகு ரியூசன், பிறகு கல்யாணப் பேச்சு. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணியைப் பார்க்கும்போது எங்கள் மாவட்டத்துக்கு என்ன குறை என்று நெஞ்சு கேட்கிறது.

இப்போது மனக்குறைக்கு வருகிறேன். போன வருடம் ஒரு மைதானத்தில் செவ்வாயும் வியாழனும் நாலரை மணிக்கு எங்கள் பிள்ளைகளுக்கு என்று பேசி எடுத்திருந்தோம். மூன்றாவது கிழமை ஒரு கழகத்து அண்ணாமார் வந்து, "தங்கச்சிமார், கொஞ்சம் அங்கால போய் விளையாடுங்கோ" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் அங்கால போனார்கள், கொடிக் கம்பத்துக்கு அந்தப் பக்கம், கல்லும் நெருஞ்சியும் கிடக்கிற துண்டுக்கு. ஒருத்தி திரும்பும்போது கால் சறுக்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நல்லகாலம், வெறும் சுளுக்கு. பெண்களுக்கு முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுகிற ஆபத்து ஆண்களைவிட அதிகம் என்பது உங்களுக்கும் தெரியும், வேகமாக ஓடி வந்து நின்று திரும்புகிற ஸ்ட்ரைக்கருக்குச் சொல்லவே வேண்டாம். அதே சாம் கெர் 2024 ஜனவரியில் அந்தக் காயம் பட்டு, 2025 செப்டெம்பரில்தான் திரும்பவும் ஆடினார். இங்கிலாந்தின் செல்சி மாதிரி ஒரு கழகத்தின் வைத்தியர்கள் பக்கத்தில் இருந்தும் இருபது மாதம். எங்கள் பிள்ளைக்கு அப்படி ஒன்று நடந்தால் வீட்டில் என்ன முடிவு எடுப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

கேட்பது இதுதான். செவ்வாய், வியாழன் நாலரையிலிருந்து ஆறு மணிவரை புல் இருக்கிற துண்டை விடுங்கள், யார் வந்தாலும் எழுப்பாதீர்கள். மாரி முடிந்து நிலம் காய்கிற மாசியிலிருந்து, புரட்டாசிவரைக்கும், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன லீக் வையுங்கள், ஏழு பேர் அணியாக இருந்தாலும் போதும். கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், தாய்மார் கூட வருவார்கள், மறைப்புக் கட்டி உடுப்பு மாற்ற ஓர் இடமும் கழுவின மலசலகூடமும் இருந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பந்து ஒரு பக்கமாகவே ஓடும், அது பரவாயில்லை, அதற்கும் ஆடிப் பழகட்டும். உங்களிடம் ஆடி ஓய்ந்த நல்ல கீப்பர் ஒருவர் இருந்தால் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கோலில் நிற்கச் சொல்லுங்கள், அந்த ஒரு மணித்தியாலம் எங்கள் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய உதவி என்று மேலே எழுதியதை வாசித்தால் விளங்கும். காயம் தடுக்கிற ஆயத்தப் பயிற்சி, பிஃபாவின் அந்தப் பதினொன்று பிளஸ், இருபது நிமிடம்தான், அதை நானே படித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நானே செய்விப்பேன்.

இருபத்திரண்டு பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் தாய்தகப்பன் கையெழுத்தோடு என்னிடம் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை நாலேகாலுக்கே வந்து நிற்போம். கோலுக்கு வலை மட்டும் நீங்கள் கட்டித் தாருங்கள்.