பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தொடங்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் காலை நடைக்குப் போகிறாய் என்று படித்ததில் மனம் குளிர்ந்தது. கடைசிப் பக்கத்தில்தான் திடுக்கிட்டேன். கணினியிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வருகிறது, விண்டோஸ் 11-க்கு மாறினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறாய். அடுத்த வரியிலேயே, மகளின் ஆய்வேடு முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதனால்தான் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே எழுதுகிறேன்.

சரியாகாது. சத்தம் விண்டோஸிலிருந்து வரவில்லை, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறது. அதற்குள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டுகளின் மேல், அவற்றைத் தொடாமல் மிதந்தபடி ஒரு முனை படித்துக்கொண்டிருக்கிறது. தேடிய இடத்தைப் படிக்க முடியாமல் அது பின்வாங்கி, மறுபடியும் மறுபடியும் முயலும்போதுதான் பெரும்பாலும் இப்படித் தட்டும். அந்த நிலையில் உள்ள டிஸ்க்கில் புதிய இயங்குதளத்தை எழுதவைப்பது மூச்சு வாங்குகிறவன் தலையில் மூட்டையை ஏற்றுவதுதான். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்த கையோடு ஆய்வேட்டை ஒரு பென் டிரைவில் நகலெடு. இன்னொரு நகலை மகள் தன் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளட்டும். அது முடியும்வரை வேறு எதையும் தொடாதே.

அதன் பிறகு புதிய டிஸ்க். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், இரண்டு வேலையையும் சேர்த்தே செய்துவிடலாம். பழையதை அப்படியே புதியதற்குப் பிரதி எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் சரி என்பேன். உன்னுடையது தடுமாறுகிறது. பிரதி எடுக்கும் மென்பொருள் அந்தப் பழுதான இடங்களையும் விடாமல் படிக்கப் போய், நடுவழியில் நின்றுவிடக்கூடும். காலி டிஸ்க்கில் புதிதாக நிறுவுவதே உனக்கு நல்லது. காசு கொடுத்து மறுபடி உரிமம் வாங்க வேண்டுமோ என்று கவலைப்பட வேண்டாம். முறையாக உயிர்ப்பித்த விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் உரிமம் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. கணினியின் வன்பொருளோடு, முக்கியமாக மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப்பலகையோடு சேர்த்து அது பதிவாகியிருக்கிறது. நிறுவும்போது உரிம எண் கேட்டால் இல்லை என்று சொல்லி மேலே போ. ஆனால் இப்போது இருப்பது 'ஹோம்' பதிப்பு என்றால் 'ஹோம்' என்றே தேர்ந்தெடு. மாற்றித் தேர்ந்தெடுத்தால் அந்த உரிமம் பொருந்தாது.

போன மாதம் என் கணினிக்கும் இதைத்தான் செய்தேன். முதல் முறை தவறாகச் செய்தேன், அதை விவரமாகவே சொல்கிறேன். சுழலும் தட்டுகள் இல்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி-யைப் பொருத்திய பிறகு பழைய டிஸ்க்கையும் இணைத்தபடியே விட்டுவிட்டேன், கோப்புகளை எடுக்க வசதியாக இருக்கும் என்று. எல்லாம் சரியாக நடந்தது. இரண்டு நாள் கழித்துப் பழையதைக் கழற்றினேன். திரையில் வெள்ளை எழுத்தில், தொடங்குவதற்கு எந்த டிஸ்க்கும் இல்லை என்று ஒரு வரி. விண்டோஸ் புதியதில்தான் இருந்தது. ஆனால் கணினியைத் தட்டி எழுப்புகிற சின்னஞ்சிறு பகுதி பழைய டிஸ்க்கிலேயே இருந்தது. ஏற்கெனவே அங்கே அப்படியொரு பகுதி இருந்ததால் நிறுவல் அதையே எடுத்துக்கொண்டிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

இந்த முறை பழைய டிஸ்க்கின் கேபிள்கள் இரண்டையும் உருவிவிட்டுத்தான் தொடங்கினேன். தகவல் கேபிளின் முனை 'ட' வடிவில் வளைந்திருக்கும், ஒரே பக்கமாகத்தான் நுழையும். அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தால் திருப்பிப் பிடித்திருக்கிறாய் என்று பொருள். நிறுவும் திரையில் ஒரே ஒரு டிஸ்க், 'ஒதுக்கப்படாத இடம்' என்று வந்தது. 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்று காட்டினால் பயப்படாதே. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. இடம் எதுவும் தொலையவில்லை. நீயாகப் பிரிவுகள் உண்டாக்காமல் அந்தக் காலி இடத்தையே தேர்ந்தெடுத்து 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்து. வேண்டிய சிறு பகுதிகளை அதுவே அமைத்துக்கொள்ளும்.

இதற்கு முன் பயாஸ் திரையில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் கணினியின் அமைப்புத் திரையில், இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11 டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. என் மதர்போர்டில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, தேடி இயக்கினேன். தொடங்கும் முறையும் பழைய 'லெகசி'யில் இல்லாமல் யு.இ.எஃப்.ஐ என்ற புதிய முறையில் இருக்க வேண்டும். விண்டோஸை நிறுவுவதற்கான கோப்புகளை ஏற்றும் பென் டிரைவ் 8 ஜிபி போதும், ஆனால் அதிலுள்ளவை எல்லாம் அழிந்துவிடும். ஆய்வேட்டை வைத்த அதே பென் டிரைவை எடுத்துவிடாதே! வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை வேறொரு பென் டிரைவில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள். நிறுவல் நடுவில் இணையம் கேட்கும்போது அது கை கொடுக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது நம் இருவருக்கும் உரியது. எல்லாம் முடிந்து பழைய டிஸ்க்கிலிருந்து கோப்புகளை எடுத்துவைத்த இரவு, 2001, 2002-இல் நீ எனக்குத் தட்டச்சு செய்து அனுப்பிய கடிதங்களைத் திறந்தேன். ஓர் எழுத்துகூடத் தமிழாக இல்லை. தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக வரிசைகட்டி நின்றன. அப்போது நாம் இன்று எல்லாக் கணினியிலும் பொதுவாக இருக்கும் யூனிகோடு எழுத்துமுறையில் எழுதவில்லை, தனி எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும் திஸ்கி என்ற பழைய முறையில் எழுதினோம். பழைய கணினியில் அந்த எழுத்துரு இருந்ததால் இத்தனை வருடம் அதை நினைக்கவே இல்லை. புதிதாக நிறுவியதும் அது போய்விட்டது. பழைய டிஸ்க்கை மறுபடி இணைத்து, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையிலிருந்து அந்த ஒரே ஒரு சிறிய கோப்பை எடுத்து நிறுவினேன். கடிதத்தை மூடித் திறந்தேன். உன் அம்மா தவறியபோது நீ எழுதிய கடிதம் முதல் வரியிலிருந்து தமிழாக நின்றது. இரவு வெகு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி வருகிறேன்.

ஆகவே ஆய்வேட்டுக்கு அடுத்தபடியாக உன் எழுத்துருக்களையும் நகலெடு. நான் உனக்கு எழுதியவை உன்னிடம்தானே இருக்கின்றன. பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல் உறையில் போட்டு, மேலே தேதி எழுதி அலமாரியில் வை. ஒரு வருடமாவது அது அங்கே இருக்கட்டும். எதை மறந்தோம் என்பது நாள் போகப் போகத்தான் நினைவுக்கு வரும்.

நிறுவும் நாளன்று தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொள், எந்தத் திரையில் நின்றாலும் கூப்பிடு. அதற்கு முன், ஆய்வேட்டின் நகல் பென் டிரைவில் ஏறியதா, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்தாயா என்று இன்றே ஒரு வரி தெரிவி. அந்த வரி வரும்வரை எனக்கு நிம்மதி இருக்காது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்